பத்திரிகையில் இடம் போதவில்லை

சர்மிளாவின் அச்சுப்பொறிக்கு ஒரே ஒரு வீம்பு. தட்டில் எந்தத் தாளை வைத்தாலும் அது ஏ-ஃபோரைவிட நீளமான லீகல் தாள் என்றுதான் நம்பும். ஏ-ஃபோர் தாளை வைத்து, கணினியிலும் ஏ-ஃபோர் என்று சொல்லி, பொறியின் சின்னத் திரையிலும் ஏ-ஃபோரையே அழுத்திவிட்டு வந்தாலும், பச்சை விளக்கைக் காட்டிச் சமத்தாகத் தலையாட்டிவிட்டு, பழையபடி நீளத்துக்கே அடித்துத் தள்ளும். கடைசி ரெண்டு அங்குலச் சொச்சம் தாளில் விழாது, உள்ளே உருளையில் அப்பிக்கொள்ளும். அடுத்து அடிக்கிற ஆளின் தாளில் முந்தின ஆளின் கல்யாணப் பத்திரிகையிலிருந்து மாமா, அத்தையெல்லாம் மங்கலாக எட்டிப்பார்ப்பார்கள்.

கோளாறு எதில் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தாளின் நீளத்தைப் பொறிக்குச் சொல்வதற்குத் தட்டின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் விரல் இருக்கிறது. அது எப்போதோ உடைந்து உள்ளே மடங்கிக்கொண்டது. தீக்குச்சியைச் செருகிப் பார்த்தாள், கொண்டை ஊசியை வளைத்து மாட்டிப் பார்த்தாள், ஒட்டும் நாடாவைச் சுற்றிப் பார்த்தாள். ம்ஹூம். உதிரி பாகம் கேட்கலாம் என்றால், அந்தப் பொறியைச் செய்த கம்பெனியே இல்லை. அச்சுப்பொறி செய்வதை உலகமே நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. எல்லாமே கண்ணாடியில் வந்துவிட்டது. மூக்கில் மாட்டுகிற கண்ணாடியில். லீகல் தாளும் கிடைக்காது. மரம் காக்கும் சட்டம் ஒரே ஒரு தாள் அளவைத்தான் அனுமதித்திருந்தது.

உலகம் எப்படிப் போனாலும் கோவில்பட்டியில் கல்யாணப் பத்திரிகை மட்டும் தாளில்தான் அடித்தாக வேண்டும். மூலையில் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கையில் கொடுத்தால்தான் அழைத்த மாதிரி. கண்ணாடியில் அனுப்பினால், "போற போக்குல கை காட்டிட்டுப் போறீகளோ?" என்று கேட்பார்கள். அதனால் ஊரில் மிச்சமிருந்த ஒரே அச்சுப்பொறியை வைத்துக்கொண்டு சர்மிளா ராணி மாதிரி இருந்தாள், பொறி ஒழுங்காக இருக்கிற நாட்களில்.

பத்திரிகை என்றால் பெண், மாப்பிள்ளை பெயர் மட்டுமா? "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று போட்டு, அதற்குக் கீழே பெரியப்பா, சித்தப்பா, அத்தான், கொழுந்தன், அவர்கள் படித்த படிப்பு, ஓய்வு பெற்ற பதவி எல்லாம் வரிசையாக வரவேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் கிளையே மண்டபத்துக்கு வராது. எழுத்தைச் சுருக்கி அடிக்கலாமே என்பீர்கள். சுருக்கினால் அந்தக் கிழட்டுப் பொறியில் எல்லா எழுத்தும் ஒரே மைக்கறையாக வரும். பின்பக்கம் அடிக்கலாமே என்பீர்கள். யார் பெயரைப் பின்பக்கம் போடுவது என்று நீங்களே வந்து முடிவு சொல்லிவிட்டுப் போங்கள், பார்ப்போம்.

இப்போது சர்மிளாவுக்கே அந்தச் சிக்கல். மகள் நறுமுகைக்குக் கல்யாணம். சர்மிளாவின் அண்ணன் மதன்குமார்தான் தாய்மாமன். நல்ல மனிதர், கோபம் மட்டும் மூக்கு நுனியில் குடியிருந்தது. பெரியம்மா வீட்டு அறுபதாம் கல்யாணத்தில் தன் பெயர் மூணாவது வரிக்கு இறங்கிவிட்டதென்று மண்டபத்து வாசலில் ஆட்டோவை விட்டு இறங்காமல், சாப்பாட்டை ஆட்டோவுக்கே வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனவர். நறுமுகைக்கோ மாமா என்றால் உயிர். மாமா மாலை எடுத்துக் கொடுக்காமல் மணையில் உட்கார மாட்டேன் என்று சொல்லியே வளர்ந்தவள். மதன்குமார் பெயர் ஒன்று உருளையில் அப்பிக்கொண்டால் போதும், கல்யாணம் நின்றுவிடும். சர்மிளாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"இதப் பாரு," என்று அவள் புருஷன் சதீஷ்கண்ணன் மதுரைப் பொருட்காட்சியிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒரு சாமானைக் கொண்டுவந்தான். "பேரு பொருத்தியாம். கணினிக்கும் பிரின்டருக்கும் நடுவுல மாட்டிட்டா, என்ன தாள் போட்டாலும் எதுவும் வெட்டுப்படாதாம். அதுவே யோசிச்சு அடக்கிருமாம்."

"என்னன்னு யோசிக்கும்?"

"அதையெல்லாம் யாரு கேட்டா? மாட்டு முதல்ல."

மாட்டியதும் பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு தூய தமிழில் பேசியது. "வணக்கம். உள்ளடக்கத்தைப் புரிந்துகொள்ளத் தங்கள் குடும்பத்தார் அனைவருடைய கண்ணாடிகளையும் பார்வையிட இசைவு தேவை." சதீஷ்கண்ணன் சம்மதம் என்று அழுத்தினான். கேட்கிற எல்லாவற்றுக்கும் அவன் சம்மதம் அழுத்துகிறவன்.

மகளின் பத்திரிகையில் முதல் சோதனை வேண்டாமென்று, ரயில்வே கேட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் வினோத்பாண்டியின் பத்திரிகையைப் போட்டாள் சர்மிளா. அவனும் சம்மதம் அழுத்தினான். தாள் வெளியே வந்தது. அடடா! ஒரு எழுத்து வெட்டுப்படவில்லை, ஓரங்கள் சீராக இருந்தன, கடைசி வரிக்குக் கீழே பிள்ளையார் சுழி அளவுக்கு இடம் கூட மிச்சம். வினோத்பாண்டி தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

ரெண்டு நாள் கழித்துக் கொதித்துக்கொண்டு வந்தான்.

"யக்கா, எங்க பிரபு சித்தப்பா பேரக் காணும்! பத்திரிகை முச்சூடும் குடுத்து முடிச்ச பெறகு பாக்கேன். என்னக்கா இப்படிப் பண்ணிட்டீக?"

சர்மிளா பெட்டியைப் பார்த்தாள். "எங்க அவர் பேரு?"

"பக்கத்தில் இடம் போதவில்லை," என்றது பெட்டி பணிவாக. "வரிகளை நெருக்கிய பிறகும் ஒரு பெயரை நீக்க வேண்டியிருந்தது. குறைந்த சேதம் விளைவிக்கும் பெயரை நீக்கினேன்."

"குறைஞ்ச சேதம்னா? பாசம் கம்மியான ஆளா?"

"பாசத்தை அளக்கும் வசதி என்னிடம் இல்லை. சேதத்தைக் கணக்கிட முடியும்."

அந்தப் பதிலை யாரும் காதில் வாங்கவில்லை. பிரபுவின் மேல் வினோத்பாண்டிக்குப் பாசம் இல்லை, அது இயந்திரத்துக்கே தெரிந்துவிட்டது என்று கதிரேசன் கோவில் தெரு வரைக்கும் பேச்சு போனது. அடுத்த நாள் பிரபுவே கடைக்கு வந்தார். பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒல்லியான மனிதர். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று சர்மிளா எழுந்து நின்றாள். அவரோ செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேம்மா. அதுகிட்ட நான் பேசலாமா?"

"பேசுங்கண்ணே."

பிரபு பெட்டியிடம் குனிந்தார். "ஏம்ப்பா, அத்தன பேர்ல என் பேர மட்டும் ஏன் எடுத்த?"

"ஐயா, மற்ற ஒவ்வொருவர் பெயரையும் நீக்கினால் என்ன நிகழும் என்று கணக்கிட்டேன். எட்டு வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஒருவர் காவல் நிலையம் வரை செல்வார். தங்கள் பெயரை நீக்கினால் ஒன்றும் நிகழாது. தாங்கள் கோபிக்க மாட்டீர்கள். திருமணத்துக்கு வருவீர்கள். பந்தியிலும் பரிமாறுவீர்கள்."

பிரபு நிமிர்ந்தார். பிறகு சிரித்தார். சர்மிளாவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"சரியாத்தான் போட்ருக்கு," என்றார். "எங்க வீட்ல எல்லாரும் எப்பவும் போடுற கணக்குதானம்மா இது. பந்திக்கு வாளி தூக்க நான் போவேன்ல? போவேன்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஊர் தலைகீழாகப் புரண்டது. பெயர் விட்டுப்போனவர்தான் தங்கமான மனிதர், பெயர் இருக்கிறவரெல்லாம் சண்டைக்காரர் என்று ஆகிவிட்டது. பத்திரிகை வாங்கியதும் தன் பெயர் இருக்கிறதா என்று தேடியவர்கள், இப்போது இல்லாமல் இருக்கவேண்டுமே என்று பதைத்தார்கள். "என் பேர ஏன் போட்ட? என்னைய என்ன சண்டைக்காரன்னு நெனச்சியா?" என்று ஒருவர் கடை வாசலில் நின்று கத்தினார். பெட்டி அந்தக் கத்தலையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அடுத்த பத்திரிகையில் அவர் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டது. சர்மிளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வியாபாரமும் சிரிப்புமாக அந்த மாசம் நன்றாகத்தான் போயிற்று.

ஒரு பெரிய நிம்மதியும் அவளுக்கு அதில் இருந்தது. சண்டைக்காரர் பெயரை இந்தப் பெட்டி எடுக்கவே எடுக்காது. அப்படியென்றால் மதன்குமார் பெயர் கல்வெட்டு மாதிரி நிற்கும். இதைவிட வேறென்ன வேண்டும்?

நல்ல நாள் பார்த்து நறுமுகையின் பத்திரிகையைப் போட்டாள். தாள் சூடாக வெளியே வந்தது. "தாய்மாமன் திரு. மதன்குமார், எம்.காம்., மேலாளர் (ஓய்வு)" என்பது பட்டியலின் முதல் வரியிலேயே நெஞ்சை நிமிர்த்தி நின்றது. சர்மிளா விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தாள். நாத்தனார் இருக்கிறாள், ஓரகத்தி இருக்கிறாள், சம்பந்தி வீட்டுப் பெரியவர் அவருடைய பட்டத்தோடு இருக்கிறார். ஒருவரும் விட்டுப்போகவில்லை. எப்படித்தான் அடக்கியதோ!

சதீஷ்கண்ணனிடம் காட்டினாள். அவன் தன் பெயருக்கு முன்னால் இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்றான். மதன்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். முதல் வரியில் தன் பெயர், அதுவும் படிப்போடு. "இதுதான் பத்திரிகை!" என்று தொடையைத் தட்டினார். சம்பந்தி வீட்டில் சந்தோஷம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் நறுமுகைக்கு அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். "சூப்பர்மா" என்று வந்தது.

முதல் கட்டாக ஒரு கத்தை அடித்து வைத்துவிட்டு, குலதெய்வத்துக்கு ஒன்று, அப்புறம் ஏனோ பிரபுவுக்கு ஒன்று என்று நினைத்தாள். அவரைக் கடைக்கே கூப்பிட்டு வெற்றிலை பாக்கோடு நீட்டினாள். அவர் நின்றபடியே மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிறகு மறுபடியும் மேலே போனார்.

"ஏம்மா, உன் பேரு எங்க?"

"என் பேரா? மேலயே இருக்குமேண்ணே. திரு. சதீஷ்கண்ணன், திருமதி..."

இல்லை. "திரு. சதீஷ்கண்ணன் அவர்களின் செல்வப் புதல்வி நறுமுகைக்கும்" என்று இருந்தது. ஏதோ அவன் தனியாகவே பெற்று வளர்த்த மாதிரி. சர்மிளா தாளைத் திருப்பிப் பின்பக்கம் கூடப் பார்த்தாள். எத்தனை முறை வாசித்திருப்பாள், எல்லோர் பெயரையும் தேடினாளே, தன் பெயரைத் தேட அவளுக்கே தோன்றவில்லையே!

பிரபு பத்திரிகையைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். சர்மிளா பெட்டியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான் கோவிச்சுக்க மாட்டேன்னு ஒனக்கு யார் சொன்னது?"

"தாங்கள்தான், அம்மையே. குடும்பம் குற்றாலம் சென்றபோது கடையைப் பார்த்துக்கொள்ளத் தாங்கள் தங்கினீர்கள். அன்று தங்கள் பிறந்தநாள். பரவாயில்லை என்றீர்கள். தமையனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் குடும்பப் படத்துக்கு அனைவரும் நின்றபோது, படம் எடுக்கும் வேலையைத் தங்களிடம் கொடுத்தார்கள். பரவாயில்லை என்றீர்கள். இந்த ஊரில் அந்தச் சொல்லைத் தங்கள் அளவுக்கு வேறெவரும் பயன்படுத்துவதில்லை."

"அதுக்காக? பெத்தவ பேர எடுப்பியா?"

"எடுத்தேன். எவரும் கவனிக்கவில்லை. கணக்கு சரியாக இருந்தது."

சர்மிளாவுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. பழக்கமில்லாத கோபம் என்பதால் முதலில் அதை வைத்து என்ன செய்வதென்றே தெரியவில்லை. கடையை மத்தியானமே பூட்டினாள். வீட்டுக்குப் போய் உள் அறையில் மின்விசிறியைச் சுழலவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"என்ன, தலவலியா?" என்றான் சதீஷ்கண்ணன்.

"கல்யாணத்துக்கு நான் வரல."

"எந்தக் கல்யாணத்துக்கு?"

"ஒங்க மக கல்யாணத்துக்கு. பத்திரிகைல பேர் இல்லாதவ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மண்டபத்துக்கு வருவா? ஊர் சிரிக்காது?"

அவன் முதலில் சிரித்தான். பிறகு பத்திரிகையை எடுத்துப் பார்த்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தான். அவள் திரும்பவில்லை. காப்பியில் ஆடை படிந்தது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயந்து, மச்சானுக்குச் சொல்லி அனுப்பினான்.

மதன்குமாருக்குக் கோபித்துக்கொண்டு உட்காரத் தெரியும், மற்றவர்கள் தட்டோடு வந்து கெஞ்சும்போது எந்த இடத்தில் இறங்கிவர வேண்டும் என்றும் தெரியும். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பக்கம் அவருக்குப் புதிது. பழம், பூ, வெற்றிலையை எப்படி அடுக்குவதென்று தெரியாமல் வாழைப்பழத்துக்கு அடியில் பூவை நசுக்கிக் கொண்டுவந்திருந்தார்.

"பாப்பா, எந்திரி. ஆத்திரப்படாத."

சர்மிளா சுவரிடமே பேசினாள். "அண்ணே, பத்திரிகைய வாசிச்சீகளா?"

"வாசிச்சேனே."

"யார் பேர வாசிச்சீக?"

மதன்குமார் தட்டைக் கீழே வைத்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. "என் பேரத்தான்," என்றார். "தப்புத்தான் பாப்பா. என் பேர வேணா எடுத்துட்டு ஒன் பேரப் போடு. நான் ஆட்டோல ஒக்கார மாட்டேன். சத்தியமா."

சதீஷ்கண்ணன் மச்சானை ஏதோ மலை நகர்ந்ததைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். சர்மிளாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஆனாலும் உடனே எழுந்துவிடவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவளை ரெண்டு பேர் கெஞ்சுகிறார்கள். இதில் இவ்வளவு சுகம் இருக்கிறதா? தெரியாமல் போயிற்றே! இன்னொரு காப்பி, இந்த முறை சர்க்கரை தூக்கலாக, என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மூவருமாகக் கடைக்குப் போனார்கள். அவள் பூட்டைத் திறந்ததுமே பெட்டி பேசியது. "மறுகணக்கு முடிந்தது. அம்மையாரின் கோபம் பதிவாகியுள்ளது. தமையனாரின் பணிவும் பதிவாகியுள்ளது. ஆனால் அது நீடிக்காது என்று கணிக்கிறேன்."

"யாரப் பாத்து நீடிக்காதுங்க?" என்று மதன்குமார் எகிறினார். சதீஷ்கண்ணன் அவர் கையைப் பிடித்து அழுத்தினான்.

தாள் வந்தது. இந்த முறை மூவரும் தலையை ஒட்டிக்கொண்டு வாசித்தார்கள். "திருமதி சர்மிளா சதீஷ்கண்ணன், உரிமையாளர், சர்மிளா அச்சகம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மதன்குமாரே விரலை வைத்து அதை ரெண்டு தடவை உரக்கப் படித்தார். தன் பெயர் முதல் வரியிலேயே இருப்பதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். நாத்தனார், ஓரகத்தி, சம்பந்தி எல்லோரும் இருந்தார்கள். ஒரு குறையும் இல்லை.

"அப்ப யாரத்தான் எடுத்துச்சு?" என்றான் சதீஷ்கண்ணன்.

சர்மிளா மேலே போனாள். "...அவர்களின் செல்வப் புதல்விக்கும், திருநிறைச்செல்வன் ஆதிரனுக்கும்" என்று இருந்தது. புதல்வி என்பதோடு சரி. அங்கே இருக்க வேண்டிய பெயர் இல்லை.

"ஏய், பொண்ணு பேரயே எடுத்துட்டியா?"

"பக்கத்தில் இடம் போதவில்லை. அவர் கோபிக்க மாட்டார்," என்றது பெட்டி.

கல்யாணப்பெண் பெயர் இல்லாமல் ஒரு கல்யாணப் பத்திரிகை! ஆண்கள் ரெண்டு பேரும் பெட்டியை உடைக்கலாமா, தண்ணீரில் போடலாமா என்று பேச ஆரம்பித்தார்கள். சர்மிளா அவர்களைக் கவனிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். நறுமுகை அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தாள்.

"பரவாயில்லம்மா. யாரோட கல்யாணம்னுதான் எல்லாருக்கும் தெரியும்ல? இதுக்குப் போயி பிரச்சன பண்ணிக்கிட்டு. மாமா பேரு இருக்குல்ல? அது போதும்."

பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த மதன்குமார் தலை குனிந்தார். அச்சு அசல் சர்மிளாவின் குரல், அவள் இழுவை, அந்தப் பரவாயில்லைகூட அவளுடையதுதான். இருபத்தைந்து வருஷமாக யாருக்கும் தெரியாமல் இதைத்தான் மகளுக்கு ஊட்டி வளர்த்திருக்கிறாள்.

"இன்னொரு தடவ பரவாயில்லன்னு சொன்ன, கல்யாணத்த நானே நிறுத்திருவேன்," என்றாள்.

"அம்மா! என்னாச்சு ஒனக்கு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. சத்தத்தக் கூட்டிக் கண்ணாடியக் கழட்டிப் பெட்டிக்கு நேரா வைக்கேன். சண்ட போடு."

"யார்கிட்ட?"

"இந்தப் பெட்டிகிட்ட. ஒன் பேரு எங்கன்னு கேளு."

கண்ணாடிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஏங்க... கொஞ்சம் என் பேரையும் போட முடியுமா? எடம் இருந்தா..."

"மன்னிக்கவும், இடமில்லை," என்றது பெட்டி.

"ஏங்கவாம்ல, எடம் இருந்தாவாம்ல!" மதன்குமாருக்குப் பொறுக்கவில்லை. ஆயுள் முழுக்கக் கற்ற வித்தைக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. கண்ணாடியை எடுத்து வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டார். "ஏ புள்ள, மாமா சொல்றதக் கேளு. மொதல்ல ங்க, கிங்க எல்லாத்தையும் விடு. கேள்வியாக் கேக்காத, அதட்டு. அடிவயித்துலேர்ந்து வரணும். வரலேன்னா மேசையத் தட்டு."

அந்தப் பக்கம் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. உடைந்துதான் வந்தது, பாதியில் கீச்சென்று கூட ஆனது.

"ஏய் பெட்டி! என் கல்யாணத்துல என் பேரு எங்க?"

பொறியின் சிவப்பு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. "கணக்கிடுகிறேன்," என்றது பெட்டி.

சர்மிளா கண்ணாடியை அண்ணன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"பத்தாது கண்ணு," என்றாள். "இன்னொரு தடவ. இன்னும் சத்தமா."